பாஸ்போர்ட் அண்ணா தேர்ந்தெடுத்த நடிகர்கள்

நடந்தவை, வரிசைப்படி:

1. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த பாஸ்போர்ட் அண்ணா, ஓர் உளவாளிப் படவரிசையின் துணை வேடங்களுக்கெல்லாம் எங்கள் தெருவிலிருந்தே ஆள் தேர்ந்தெடுத்தார்.
2. நான் அதை அட்டவணையாக்கினேன்.
3. அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.
4. அதை நிரப்பினேன்.

நான்காவதைச் செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

உலகத்தில் உளவாளிப் படம் எடுக்கும் ஒருவருக்கும் நடிகர்களைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. தெரிந்த ஒரே மனிதர் பாஸ்போர்ட் அண்ணாதான். முதலில் இது அவருடைய அபிப்பிராயமாக மட்டும் இருந்தது. பிறகு தெருவின் அபிப்பிராயம் ஆயிற்று. படவரிசையின் பெயரைச் சொன்னால் அதன் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் வேண்டாம். வெளிநாட்டுப் படம். இரண்டரை வருடத்துக்கு ஒன்று வரும். கதாநாயகன் ஓடுவான், குதிப்பான், கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வருவான். கதவு திறந்திருந்தாலும் கண்ணாடி வழியாகத்தான் வருவான்.

அண்ணாவுக்குக் கதாநாயகன் மேல் எந்த அக்கறையும் கிடையாது.

"ஹீரோவை யார் வேணும்னாலும் பண்ணலாம். ஓடத் தெரிஞ்சாப் போறும். அவனுக்குக் கதவைத் திறந்துவிடறானே ஒருத்தன், அவன் சரியா இருக்கணுமாக்கும். அவன் சரியில்லேன்னா படம் போச்சு, கேட்டியோ."

அவர் பாலக்காட்டுக்காரர். அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அவருடைய நிஜப் பெயர் ஸ்டூடியோ உரிமத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். அதற்கு மேல் மாட்டியிருந்த காலண்டரை யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. கல்யாணம், பூணூல் எதற்கும் படமெடுக்கப் போகமாட்டார். பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டும்தான். ஒரு தாளில் எட்டுப் படம் அச்சாகும். ஏழு படத்தைத்தான் உறையில் போட்டுத் தருவார். எட்டாவது எங்கே என்று கேட்டால், "அது ஆடிஷனுக்கு" என்பார்.

படம் எடுக்கும் முறையும் தனி. பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக்கூடாது என்பது விதி. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் "சிரிக்காதீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அண்ணா காட்சியை விளக்குவார். "உங்க ஆள் அங்கே எதிரி கையிலே மாட்டிண்டான். இப்போத்தான் ஃபோன் வந்தது. நீங்க ரிசீவரை வெச்சுட்டேள். ஒண்ணும் பேசலை. என்னைப் பாருங்கோ." க்ளிக். இதனால் எங்கள் பகுதியிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் எல்லோர் முகத்திலும் ஒரு ராணுவ ரகசியம் இருந்தது. வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் எங்கள் தெருக்காரர் ஒருவரை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து விசாரித்தார்களாம். திரும்பி வந்தவர் நேரே ஸ்டூடியோவுக்குப் போய் அண்ணாவின் கையைக் குலுக்கினார்.

எட்டாவது படங்கள் கல்லாவுக்குப் பின்சுவரில் இருந்த பெரிய அட்டையில் ஏறும். வேடத்தின் பெயர், அதற்குக் கீழே எங்கள் ஆள். படத்தில் இப்போது நடிக்கும் வெளிநாட்டு நடிகரின் பெயரைப் பென்சிலால் எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருப்பார்.

உளவுத்துறைத் தலைவர் வேடம் குருமிளகு அச்சாயனுக்கு. பஜார் ரோட்டில் மிளகு மொத்த வியாபாரம் செய்பவர். காரணம்: "அவர் மூட்டையைத் தொட்டுக்கூடப் பாக்கறதில்லை. வாசல்லே நின்னு மூக்கை ஒருதரம் இழுப்பார். லாரி திரும்பிப் போயிடும்."

ஆயுதங்கள் செய்து தரும் விஞ்ஞானி வேடம் மிக்ஸி முருகேசனுக்கு. தென்காசிக்காரர், மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர். "நான் என்னண்ணே கண்டுபிடிச்சேன்?" என்று அவர் கூச்சப்பட்டபோது அண்ணா விடவில்லை. "நீ ரிப்பேர் பண்ணினா மூணு ஸ்க்ரூ மிச்சம் வரது. மிக்ஸியும் ஓடறது. இதுக்கு மேலே என்னடா சயன்ஸ்?"

எல்லாப் படத்திலும் முதல் பத்து நிமிடத்தில் செத்துப்போகிற உள்ளூர் உளவாளி வேடம், படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ஜெட்டி இக்காவுக்கு. அவர் நேரிலேயே வந்து முறையிட்டார்.

"எடோ, என்னெ ஆத்யமே கொன்னோ? இண்டர்வெல் வரையெங்கிலும் இருத்திக்கூடே?"

"இண்டர்வெல் வரைக்கும் உயிரோட வெச்சா எப்படி? இக்கா செத்தாத்தான் கதை தொடங்கும். நீங்க சாகலைன்னா ஹீரோ வீட்டிலே உக்காந்து சாயா குடிச்சிண்டிருப்பான்."

இக்கா யோசித்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஆறாவது படம் வந்தபோது எல்லோருமாக எர்ணாகுளம் போய்ப் பார்த்தோம். உள்ளூர் உளவாளி செத்ததும் எங்கள் வரிசை மட்டும் எழுந்து நின்றது. பின்வரிசைக்காரர்கள் கத்தினார்கள். இக்கா திரும்பிப் பார்த்துக் கையமர்த்தினார், துக்க வீட்டில் செய்வதுபோல.

வில்லனின் வலது கை என் அம்மா. "குரலை உசத்தவே மாட்டா. 'சாப்பிட்டியா'ன்னு ஒரே ஒரு கேள்வி. எதிரிலே இருக்கறவன் எல்லாத்தையும் சொல்லிடுவான்" என்றார் அண்ணா. அம்மாவுக்குக் கோபம். நான் சிரித்ததில் இன்னும் கோபம். வீட்டுக்கு வந்ததும் "சாப்பிட்டியா?" என்றாள். ஆபீசில் சண்டை போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

இந்தப் பட்டியலை அண்ணா படக்கம்பெனிக்கே படங்களோடு தபாலில் அனுப்பினார். பதில் வரவில்லை. அதில் அவருக்கு ஏமாற்றமே கிடையாது. "உளவாளிப் படம் எடுக்கறவா பதில் போடுவாளோ? ரகசியமாப் பரிசீலிச்சிண்டிருப்பா" என்றார்.

அட்டையில் ஓர் இடம் மட்டும் எப்போதும் காலி: தலைவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் செயலாளர். அங்கே படத்துக்குப் பதில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும்: "பேச்சுவார்த்தை நடக்கிறது." யாரோடு என்று கேட்டால் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

இங்கே கணக்கு டீச்சரைச் சொல்ல வேண்டும். ஸ்டூடியோவுக்கு எதிர்மாடியில் டியூஷன் எடுத்தார். நானும் அவரிடம் படித்தவள்தான். அண்ணாவைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், தனியாள். தினமும் நாலு மணிக்கு வினாத்தாள் நகலெடுக்க ஸ்டூடியோவுக்கு வருவார். பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு சாயா வரும். நகலெடுக்க ஐந்து நிமிடம் ஆகும். சாயா குடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். டீச்சருக்கு அந்தப் படங்கள் சுத்தமாகப் பிடிக்காது.

"அந்தக் கார் அந்தப் பாலத்தைத் தாண்டாது."

"தாண்டித்தே. பாத்தேளே."

"தாண்டாது. அந்த வேகத்துக்குப் பாதியிலேயே ஆத்துல விழும். பேப்பர் எடுங்கோ, போட்டுக் காட்டறேன்."

இரண்டாவது படத்தில் தாண்டிய கார் அது. ஆறாவது படம் வந்த பிறகும் தாண்டாமலேயே இருந்தது. டீச்சர் கணக்குப் போட்ட தாள்கள் ஒன்றையும் அண்ணா எறிந்ததாக எனக்குத் தெரியவில்லை.

என் வேலையைப் பற்றி ஒரு வரி. மென்பொருளில் குறை கண்டுபிடிக்கும் வேலை. நிரப்பவேண்டிய கட்டம் காலியாக இருந்தால் அதைக் குறை என்று பதிவு செய்வேன். இதற்குத்தான் சம்பளம்.

அண்ணாவின் பட்டியலை இணையத்தில் ஒரு பக்கமாகப் போட்டால் அவர் சந்தோஷப்படுவார் என்று எனக்குத் தோன்றியது. வேடம், இப்போது நடிப்பவர், நடிக்கவேண்டியவர், காரணம் என்று நான்கு பத்திகள். அவரும் சம்மதித்தார். பாலக்காட்டில் அவருடைய அக்கா வீட்டில் விசேஷம். மூன்று நாள் போகவேண்டியிருந்தது. "அட்டையைப் பாத்து எழுதிக்கோ ட்டோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எழுதினேன். இருபத்திரண்டு வேடங்கள். இருபத்தொன்று முடிந்தன. அட்டையில் ஒரு படம் பெயர்ந்து வந்ததால் பசைநாடா தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஓர் உறை இருந்தது. மேலே 'செயலாளர்' என்று எழுதியிருந்தது. உள்ளே கணக்கு டீச்சரின் பாஸ்போர்ட் படம். கறுப்பு முடியோடு, பழைய படம். பின்பக்கத்தில் அண்ணாவின் கையெழுத்து:

"அறைக்குள் போகிறவர்கள் எல்லோரும் இவரைத் தாண்டித்தான் போகிறார்கள். நின்று ஒரு வார்த்தை கேட்பவர் இல்லை. நான் ஆறு படமாகக் கேட்க நினைக்கிறேன்."

படித்தபோது எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்கள். ஆனால் புரிந்தது. அழகாக இருந்தது. அழகாக இருப்பதை எல்லோரும் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். கட்டமும் காலியாக இருந்தது. பெயரையும் படத்தையும் போட்டு, அந்த மூன்று வரியை அப்படியே காரணத்துக்குக் கீழே தட்டச்சு செய்தேன். பக்கத்தின் இணைப்பைத் தெருவின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

முதல் நாள் ஒரே கொண்டாட்டம். பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்குத்தான் கோபம். பலசரக்குக் கடைக்காரர், தன்னைப் பிணமாகவாவது போட்டிருக்கலாம் என்று குழுவில் எழுதினார். மறுநாள் டியூஷன் பிள்ளைகளின் வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் எதிர்மாடியிலிருந்து பிள்ளைகள் "டீச்சரே, ஆறு படம்! ஆறு படம்!" என்று பாடும் சத்தம் கேட்டது. ஸ்டூடியோவை நான் திறந்து வைத்திருந்தும் நாலு மணிக்கு டீச்சர் நகலெடுக்க இறங்கி வரவில்லை. பக்கத்தை அப்போதுதான் நீக்கினேன். அதற்குள் எத்தனை ஃபோன்களில் அது படமாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்.

நான் மாடிக்குப் போனேன். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மன்னிச்சுக்கோங்கோ. நான் தப்பா ஒண்ணும் நினைச்சுப் பண்ணலை."

"தெரியும். நீ படிக்கறப்பவும் இப்படித்தான். விடை சரியா இருக்கும். கேக்காத கேள்விக்கு எழுதியிருப்பே."

"அவர்கிட்ட நீங்க..."

"என்கிட்டக் கேட்டிருந்தா ஒரு பதில் சொல்லியிருப்பேன். அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்சிருக்கும். இப்போ நான் ஆமான்னாலும் ஊர் சிரிக்கும், இல்லைன்னாலும் சிரிக்கும். என்ன சொல்லச் சொல்றே?"

நான் இறங்கி வந்தேன். அந்த மாதக் கடைசியில் டீச்சர் திருப்பூணித்துறையில் தம்பி வீட்டுக்குப் போய், டியூஷனையும் அங்கேயே வைத்துக்கொண்டார்.

அண்ணா பாலக்காட்டிலிருந்து வந்த அன்று நான் ஸ்டூடியோ வாசலில் நின்றுகொண்டிருந்தேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என் ஃபோனில் இருந்த அந்தப் பக்கத்தின் நகலை முழுவதும் படித்தார். மிக்ஸி முருகேசன் வரியில் லேசாகச் சிரித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அங்கேயே இருந்தார்.

"நன்னா டைப் பண்ணியிருக்கே. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை" என்றார். பிறகு, "எழுதி வெச்சவன் நான்தானே. கேக்காம எழுதி வெச்சா இப்படித்தான்" என்றார்.

நான் அழுதேன். அவர் பக்கத்துக் கடைக்கு ஒரு சாயா சொன்னார். எனக்கு.

அடுத்த நாள் அட்டையைக் கழற்றினார். படங்களை உரிய வீடுகளுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். குருமிளகு அச்சாயன் வாங்க மறுத்துவிட்டார். "ஞான் ராஜி வெச்சிட்டில்லா" என்றாராம், ராஜினாமா செய்யாத உளவுத்துறைத் தலைவராக. ஜெட்டி இக்கா தன் படத்தை டிக்கெட் கவுண்டரிலேயே ஒட்டிக்கொண்டார். என் அம்மா வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டேளா?" என்று கேட்டாள். அண்ணா தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அந்தக் கேள்விக்கு முன்னால் வாய் திறக்காத ஒரே ஆளை அம்மா அன்றுதான் பார்த்தாள். எனக்கு அன்று சாப்பாடு போடும்போதும் அவள் எதுவும் கேட்கவில்லை.

நாலு மாதம் ஸ்டூடியோ திறந்திருந்தது. வருகிறவர்களிடம் "சிரிக்காதேங்கோ" என்பார். க்ளிக். அவ்வளவுதான். எட்டுப் படங்களையும் உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார். பிறகு ஆலுவாவில் அவருடைய சித்தப்பா மகன் நடத்தும் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். அங்கே கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறாராம். கல்யாணத்தில் கதாநாயகனையும் கதாநாயகியையும்தானே எடுக்கவேண்டும். அவருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போதைய நிலவரம் இது. அண்ணா ஆலுவாவில் இருக்கிறார். டீச்சர் திருப்பூணித்துறையில் இருக்கிறார். ஒரே மெட்ரோவின் இரண்டு முனைகள். நான் தினமும் வேலைக்குப் போக நடுவில் வைட்டிலா நிலையத்தைக் கடக்கிறேன். இரண்டு பக்கமும் ஒருமுறைகூட இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் பேசிக்கொள்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலக்கூடாது என்பது மட்டும் தெரியும். ஏழாவது படம் போன வாரம் வந்துவிட்டது. மிக்ஸி முருகேசன் டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அண்ணா பக்கத்தில் இல்லாமல் போனால், மூன்று மணி நேரமும் கதாநாயகனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.