தோட்டா அண்ணாச்சியும் தேர்தல் காலப் பன்றிகளும்

இந்த நாட்டில் தேர்தலே கூடாது என்று மனு கொடுத்த ஒரே விவசாயி எங்கள் தோட்டா அண்ணாச்சியாகத்தான் இருப்பார்.

கரிவலம்வந்தநல்லூர் பக்கம் மக்காச்சோளம் போட்டிருந்தார். காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தால் டீக்கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை கூடப் போடுவார். பதினைந்து வருஷத்தில் அந்தத் துப்பாக்கி வீழ்த்தியது ஒரே ஒரு தேங்காய். அதுவும் பக்கத்துத் தோப்புக்காரருடையது.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். மறுநாளே அண்ணாச்சி சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் என் மேசை முன்னால் நிற்பார். நான் அங்கே வெறும் கிளார்க். சட்டத்தையே நான்தான் எழுதினேன் என்பது அவர் எண்ணம்.

"ஏம்வே, கள்ளத் துப்பாக்கி வச்சிருக்கவன் வந்து ஒப்படைக்கானா? ஒழுங்கா லைசென்ஸ் எடுத்தவன்தான் இளிச்சவாயனா?"

"சட்டம் அப்படி அண்ணாச்சி..."

"பன்னிக்கு யாருவே சட்டம் சொல்லுதது? தேர்தல் முடியுத மட்டும் சோளத்துல வாய் வைக்காதன்னு அதுக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பும்!"

அதோடு தேர்தலே கூடாது என்றும் சேர்த்து மனுவாகவே எழுதிக் கொடுத்தார். நான் நம்பர் போட்டு மேலே அனுப்பி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றி, மகளைப் புகுந்த வீட்டில் விடுகிறவர் மாதிரி ஏட்டையாவிடம் ஆயிரம் பத்திரம் சொல்லிவிட்டு வருவார். வாரத்துக்கு இரண்டு தடவை போய் எட்டியும் பார்ப்பார்.

போன தேர்தல் சமயம், கிணற்றுத் தண்ணீர் முறையில் அவருக்கும் தம்பிக்கும் சண்டை. தம்பி கை நீட்டிவிட்டான். அண்ணாச்சி பைக்கை முறுக்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனார்.

"ஏட்டையா, என் துப்பாக்கியைத் தாரும். ஒரு மணி நேரத்துல திருப்பித் தந்துருதேன்!"

"எதுக்கு அண்ணாச்சி?"

"தம்பியைச் சுடணும்."

ஏட்டையா பதறவில்லை. "அப்போ ஒரு மனு எழுதிக் குடுங்க" என்று பேப்பரை நீட்டினார்.

மனு என்றால் அண்ணாச்சிக்கு மறுக்கத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து தன் பெயர், ஊர் எல்லாம் எழுதினார். 'என் உடன்பிறந்த தம்பி' என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதாராம்.

தேர்தல் முடிந்தும் துப்பாக்கியை வாங்க அவர் போகவில்லை. லைசென்ஸை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"இது வேண்டாம்வே. அன்னைக்கு அது வீட்டுல இருந்திருந்தா..." லைசென்ஸை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்போ சட்டம் சரிதான்னு சொல்லுதியளா அண்ணாச்சி?" என்றேன்.

"கள்ளத் துப்பாக்கிக்காரனுக்கு ஆகாத சட்டம்தான்வே. எனக்கு ஆச்சு."

இப்போது அண்ணனும் தம்பியும் சேர்ந்து தகர டின்னைத் தட்டிப் பன்றி விரட்டுகிறார்கள். பன்றிகள் பயந்ததாகத் தெரியவில்லை. அன்றைக்கு மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, இத்தனை வருஷ வாதத்தில் ஜெயித்த சந்தோஷம் வரவே இல்லை. தன் கோபத்தைத் தானே நம்பாத அந்த மனுஷனை எழுந்துபோய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது.