ஆட்ட மேடைக்குப் பாடு போட்டவர்

உண்மைகள் முதலில். கோமளாவின் திருமண வரவேற்பு பழவேற்காட்டு மண்டபம் ஒன்றில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. ஒன்பதுக்கு மண்டபத்தை ஒப்படைத்துவிட வேண்டும். விருந்து, இறால் பிரியாணி. விருந்தோடு ஆட்டம், அதற்கெனப் பலகை மேடை, வண்ண விளக்குகள், ஒலிபெருக்கி. வந்தவர் முந்நூற்றுப் பன்னிருவர். ஆடியவர் ஒருவர்.

அந்த ஒருவரின் இனத்திற்கு முறை வகுப்பவர் என்று பெயர். வாசகரே, இவரை நீர் அறிவீர். நான்கு பேர் சேர்ந்து சிரித்தால், முதலில் சிரிக்க உரியவர் யார் என்று விசாரிப்பவர். எங்களுக்கு வாய்த்தவர் மணமகளின் தாய்மாமன் செங்கல்வராயன்.

எங்கள் ஏரியில் இன்ன குடும்பம் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வகுப்போம், அதுவே பாடு. சண்டையைத் தவிர்க்கும் நல்ல வழக்கம். அதை ஆட்ட மேடைக்கும் கொண்டுவந்த பெருமை அவருடையது. பாடு, ஊரில் குடியிருக்கும் மணமான ஆண்களுக்கே உண்டு. ஆகவே, ஆடத் துடித்த இளைஞரும் பெண்களும் கீழே நிற்க, சீட்டு விழுந்த பெரியவர்களோ இலையை விட்டு எழ மறுக்க, ஆளுக்கு ஐந்து நிமிடமென வெறும் மேடைக்குப் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது.

நான்கு மாதமாகக் கைப்பேசி வழியே மணமகன் தீனாவோடு ஒரே ஒரு பாட்டுக்கு ஆடப் பழகியிருந்த கோமளா பொறுமையிழந்தாள்.

"இன்னா மாமா, என் கல்யாணத்துல எனக்கே பாடு இல்லியா?"

"காலையில தாலி ஏறிச்சில்ல? நீ இப்போ அனுப்பம்பட்டுக்காரி. உன் வூட்டுக்காரன் நெல்லு வெதைக்கிறவன். ஏரியில அவனுக்கு இன்னா பாத்தியதை?"

"பலகை மேல ஏது மாமா ஏரி?"

"மொறை மொறைதாம்மா."

"சரி, ஒடம்பு முடியாதவங்க தன் சீட்டை சொந்தத்துக்கு வுட்டுக் குடுக்கலாம்ல? கால் நோவுதுன்னு சொல்லுங்க. உங்க சீட்டுல நாங்க ஆடிக்கிறோம்."

செங்கல்வராயனுக்குக் கண் கலங்கியது. மருமகள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் நோகாத காலை நோகிறது என்பாரா? எட்டு ஐம்பத்தைந்துக்குத் தம் பாடு வந்ததும் மேடையேறி, கைக்கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல், முறை வீணாகக் கூடாதென்று ஐந்து நிமிடம் இடுப்பை மட்டும் அசைத்தார். விளக்குகள் அணைந்தன.

"அழாதம்மா. தீனா நம்மூருக்குக் குடி வந்து பேரைப் பதியட்டும். சீட்டு தானா வந்துரும்."

சிரிக்கிறீர். நல்லது. ஆனால், அந்தச் சீட்டு வர எத்தனை காலமாகும் என்று இந்நேரம் உம் மனம் கணக்குப் போடத் தொடங்கியிருந்தால், நீரும் அவ்வினமே. குறித்துக்கொள்ளும்:

ஒன்பது ஆண்டுகள், நான்கு மாதங்கள்.