டோர்வாலிலிருந்து லின்டாலுக்கு நாற்பத்தொரு நிமிடம்

அமெரிக்கக் கண்டத்தில் தூரம் என்ற ஒன்றை ஒழித்துக்கட்டிய பெருமை, வட டகோட்டாவின் டோர்வால் ஊரில் என் சமையலறை மேசைக்கே சேரும். எந்த இரண்டு சிற்றூர் விமான நிலையங்களைச் சொன்னாலும் அவற்றின் தூரம், ‘பறக்கும் நேரம்’, கடிகார வித்தியாசம் மூன்றையும் இணையத்தில் வெளியிடுகிறேன். இதுவரை பதினோராயிரம் பக்கங்கள். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. சொந்த அனுபவம் ஆய்வை நடுநிலை தவறச் செய்துவிடும்.

என் அக்கா ஆர்லிஸுக்கு அறுபத்தொரு வயதில் மறுமணம். மாப்பிள்ளை டிராக்டர் கடை செல்மர். அப்பா இல்லாததால் லின்டால் தேவாலயத்தில் அவள் கையைப் பிடித்து நான்தான் உள்ளே அழைத்துப் போக வேண்டும். முதல் நாளே காரில் வந்துவிடு என்று போனில் கெஞ்சினாள். நிபுணனிடம் பேசும் பேச்சா அது?

“அக்கா, டோர்வால்லேர்ந்து லின்டாலுக்கு நாப்பத்தோரு நிமிஷம். கல்யாணம் ரெண்டு மணிக்குத்தானே?”

“நீ வராம நான் உள்ள போக மாட்டேன்டா ஆர்வின். அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோ.”

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்கே கோட்டு சூட்டோடு விமான நிலையம் போனேன். முன்பதிவு செய்யவில்லை. கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள்தான் முன்பதிவு செய்வார்கள். கவுண்டரில் என்னோடு பள்ளியில் படித்த மர்னா இருந்தாள்.

“லின்டாலுக்கா? இங்கேர்ந்து அங்க பிளேன் போனதே இல்லையேப்பா. டென்வர் போய் மாறினா நாளைக்கு மத்தியானம் இறங்கலாம். உனக்கு யாரு சொன்னா?”

இணையத்தில் படித்தேன் என்றேன்.

“எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்.”

நானும் அவளோடு சேர்ந்து அவனைக் கொஞ்ச நேரம் திட்டினேன். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒன்பதரைக்குக் காரைக் கிளப்பினேன். வழியில் காப்பிக்குக்கூட நிறுத்தவில்லை. தேவாலய வாசலில் இறங்கியபோது என் கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால். கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டேன். விமானம் எதற்கு என்று கர்வத்தோடு உள்ளே போனேன்.

சுவரில் மணி இரண்டே முக்கால். மிசூரி ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் கூடும் என்பது டகோட்டாவில் கன்றுக்குட்டிக்கும் தெரியும். என் இணையப் பக்கத்திலேயே மூன்றாவது வரியாக அது இருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஒரே உபயோகமான வரி. எழுதியவன் உட்பட யாரும் படிக்காத வரியும் அதுதான்.

அக்கா ஏற்கனவே செல்மர் பக்கத்தில் நின்றிருந்தாள். போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது.

கீழ்த்தளத்தில் விருந்து. அக்காவே ஒரு தட்டில் லெஃப்சே ரொட்டி வைத்துக் கொடுத்தாள். வாசலில் ரொம்ப நேரம் நின்றாயா என்று கேட்டேன்.

“நாப்பத்தோரு நிமிஷம். போதகர்தான் கடிகாரத்தப் பாத்துச் சொன்னாரு. அப்புறம் தனியாவே நடந்து போயிட்டேன். சாப்பிடு, ஆறிடும்.”

அந்த இணையப் பக்கத்தை நான் இன்னும் மாற்றவில்லை. என் பதினோராயிரம் பக்கங்களில் நேரில் அளந்து சரிபார்க்கப்பட்ட ‘பறக்கும் நேரம்’ அது ஒன்றுதான். அளந்தது என் அக்கா, வாசலில் நின்று.