மாமா படித்து முடிக்கும் வரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், நீயும் அக்கா வீட்டில் நலமாக இருப்பாய் என்று முதலில் எழுத வேண்டுமாம். முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னார், எழுதிவிட்டேன். உண்மையில் இங்கு யாரும் நலமில்லை. ஆனால் இதை எழுதுவது நான்தான், கண்ணு. யாரும் கையைப் பிடிக்கவில்லை. இந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிப்போய்விட்டது, ஆறினால் ஆறட்டும். வாழ்நாளெல்லாம் லிப்ட் ஓட்டியவனுக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். இப்போது "லிப்ட் பழுது" என்று எழுதியிருந்தால் அதையும் படித்துவிடுவேன். நீ போனை எடுக்காததும் ஒருவகையில் நல்லதுதான், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பிறந்திருக்காது.

நீ பெட்டியோடு வாசலில் நின்று, "ஒரு மாசம் நஷ்டமில்லாம இருக்கட்டும், அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு வீடு வீடாக இல்லை. பெண்டாட்டி போய்விட்டாள், மாமனார் தங்கிவிட்டார் என்று மாடி வீட்டுக்காரர் சிரிக்கிறார். மாப்பிள்ளை ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவர் முகம் ஒரு நேரம் பச்சையாகவும் பல நேரம் சிவப்பாகவும் இருக்கிறது. கச்சா எண்ணெயை ஒரு சொட்டுகூட வீட்டுக்குக் கொண்டுவராமல், அதன் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று பணம் கட்டி, கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுவதுதான் பியூச்சர்ஸ் என்று எனக்கும் விளக்கினார். நானும் ஏற்றி இறக்கியவன்தான், ஆனால் எந்த மாடி என்று ஏறுகிறவரிடம் கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவேன். எண்ணெயிடம் யார் போய்க் கேட்பது?

அவர் பாடம் கற்காதவர் என்று மட்டும் சொல்லாதே. ஒவ்வொரு நஷ்டத்துக்கும் ஒரு பாடம் எழுதி, நீ முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போன சுவரில் ஒட்டிவிடுகிறார். விலை ஏறும் என்று வாங்கினார், இறங்கியது, திரும்பும் திரும்பும் என்று காத்திருந்து உன் தையல் கடைக்கு வைத்திருந்த முன்பணத்தில் பாதி போயிற்று, உடனே "நஷ்டத்தை வளர விடாதே" என்று ஒட்டினார். அடுத்த முறை விலை கொஞ்சம் இறங்கினாலே தானாக விற்றுவிடும்படி வைத்தார், அது கொஞ்சம்தான் இறங்கியது, இவரை வெளியே தள்ளிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டது, "அவசரப்பட்டு வெளியே வராதே" என்று ஒட்டினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் உள்ளேயும் இருக்கக் கூடாது, வெளியேயும் வரக் கூடாது. அந்தக் கோபத்தில் சம்பளப் பணத்தைப் போட்டு இரண்டு மடங்காகக் கட்டி, அதுவும் போய், "கோபத்தில் வாங்காதே" என்று ஒட்டிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் எழுத்துக்கூட்டிப் பழகியதே அந்தச் சுவரில்தான். என் படிப்புக்கு இவ்வளவு செலவாகும் என்று தெரிந்திருந்தால் கைநாட்டாகவே இருந்திருப்பேன்.

பிறகு ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாடி, சிவந்த கண், மருந்துக் கடை வேலைக்குப் போகிற சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். "மாமா, நானே படிச்சா மனசுல ஏற மாட்டேங்குது. நீங்க சத்தமா படிங்க. நீங்க முடிச்சப்புறம்தான் அமுக்குவேன்" என்றார். எனக்கும் பயிற்சியாயிற்று என்று ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் விரல் பொத்தான்மேல் இருக்கும், நான் சுவர்முன் நிற்பேன், ந, ஷ், ட என்று போவேன். "முடிஞ்சுதா மாமா?" என்பார். "இருங்க மாப்ள, ரெட்டைக் கொம்பு வந்திருக்கு" என்பேன். கொம்பைத் தாண்டி நான் வருவதற்குள் விலை எங்கேயோ போயிருக்கும். தப்பித்தோம் என்று சில நாள் என் கையைப் பிடித்துக்கொள்வார். லாபம் போயிற்று என்று பல நாள் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். ஆனால் மகளே, நான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நஷ்டமும் இல்லை. வாங்கினால்தானே நஷ்டம். வருகிற வாரத்தோடு நீ கேட்ட அந்த நஷ்டமில்லாத ஒரு மாதம் முடிகிறது. உன் துணி அலமாரி காலியாகத் திறந்தே கிடக்கிறது, அவர் அதை மூட விடவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு வா.

உடம்பைப் பார்த்துக்கொள். அக்காவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் என் அன்பைச் சொல். நீங்கள் எல்லாரும் மனக்குறை இல்லாமல் நீண்டகாலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையெழுத்து நானே போட்டது)

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இன்று வகுப்பில் டீச்சர் கொடுத்த பத்திரிகைத் துண்டை எங்கும் தடுக்காமல் படித்துவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் குஷியில் வீட்டுக்கு வந்து நின்றேன், மாப்பிள்ளை படிக்கச் சொன்னார், சுவர் முழுவதையும் ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டேன். "முடிஞ்சுதா மாமா?" என்று அவர் கேட்கவே இல்லை. அமுக்கிவிட்டார். உன் முன்பணத்தில் மீதிப் பாதியும் போயிற்று. இப்போது புதிதாக ஒரு பாடம் ஒட்டியிருக்கிறார். அதையும் பார்த்த உடனே படித்துவிட்டேன்: "மாமாவை வகுப்புக்கு அனுப்பாதே." இப்போதைக்கு வராதே, கண்ணு. பதில் மட்டும் எழுது, நானே படித்துக்கொள்வேன்.