இறகு போன ராஜாளி

வெள்ளியில் எதைக் கண்டாலும் என் கை தேய்க்காமல் சும்மா இருக்காது. மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு இந்த வியாதியும் கூடவே வந்துவிட்டது. (மாமியார் அதைச் ‘சுத்தம்’ என்று பாராட்டி வளர்த்துவிட்டார். அவரையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.)

எழுபதுகளில் துபாய் சத்வாவில் குடியிருந்தோம். என் கணவர் கட்டடக் கம்பெனியில் இன்ஜினியர். ஒரு பெரிய வேலையைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்ததற்காக, அரபி முதலாளி தன் கையாலேயே அவருக்கு ஒரு வெள்ளி நாணயம் கொடுத்தார். கடையில் கொடுக்கிற காசு இல்லை, நினைவுக்காக அடித்தது. நடுவில் ராஜாளி ஒன்று இறக்கை விரித்திருக்கும். இவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பரிசு அதுதான். வெல்வெட் பெட்டியில் வைத்து, மகளைக்கூடத் தொட விடமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த முதலாளியே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. குத்துவிளக்கு, டம்ளர் எல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். பிறகு அந்தப் பெட்டியையும் திறந்தேன். சுற்றிலும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, பறவை மட்டும் மங்கிக் கிடக்கிறது! அடப்பாவமே, அழுக்கேறிப் போச்சே என்று புளி, பழனி விபூதி, தேங்காய் நார் மூன்றையும் வைத்து ஒரு பிடி பிடித்தேன். (அந்த மங்கல்தான் வேலைப்பாடு, தேய்த்தால் இறகுக் கோடெல்லாம் அழிந்துவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?)

சாப்பாடு முடிந்ததும் இவர் பெருமையாகப் பெட்டியை நீட்டினார். முதலாளி வீட்டிலேயே ராஜாளி வளர்க்கிறவர். ஆசையாகத் திறந்தவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்தியில் கேட்டார்: “பாய், இது என்ன, கோழியா?”

நான் சமையலறை வாசலிலிருந்து முந்திக்கொண்டேன். “என்னங்க, நான்தான் தேய்ச்சேன்னு சொல்லுங்க! என்னா அழுக்கு தெரியுமா!”

இவர் முகம் செத்துப்போயிருந்தது. என் கைஜாடையிலேயே விஷயம் புரிந்த முதலாளி, “மாஃபி முஷ்கில்” என்று இவர் தோளைத் தட்டினார். பரவாயில்லை என்று அர்த்தம். அதைக் கேட்டதும் இவர் தலை இன்னும் குனிந்தது.

முதலாளி போனதும் அழுதேவிட்டேன். “வாயைத் திறந்து திட்டுங்களேன்!”

“விடு சரோஜா. பறந்து பறந்து இறகு கொட்டிப்போச்சுன்னு வச்சுக்குவோம்.”

திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அதன்பின் அந்தப் பெட்டியை இவர் யாரிடமும் காட்டியதே இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இப்போதும் நான் எதையாவது அழுத்தித் தேய்த்தால், “அம்மா, போதும், இறகு போயிடும்” என்பாள் மகள். வீடே சிரிக்கும். இவர் மட்டும் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்.