எங்கள் வீட்டில் எப்போதும் மணி ஆறு

வீட்டில் சட்டம் போடுகிறவனுக்குக் கூட்டாளி கிடைக்கமாட்டான். இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறேன். ஒரு மே மாதக் காலையில் என் வீட்டுக் கணினி என்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது உண்மை. அக்கம்பக்கத்தார் நின்று வேடிக்கை பார்த்ததும் உண்மை. ஆனாலும் நான் போட்ட சட்டம் சரியான சட்டம். இன்றைக்கும் அதில் ஒரு கமாவைக்கூட மாற்றமாட்டேன். (மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.)

கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் குடியிருந்தோம். ஓர் உறைவிடப் பள்ளியில் எனக்குக் கணக்கர் வேலை. அங்கே பிள்ளைகளின் கணினிகள் குறித்த நேரத்தில் தாமாக மூடிக்கொள்ளும். வேண்டாத தளங்கள் திறக்காது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குள் ஒரு குட்டி மகாராஜா எழுந்து உட்கார்ந்துவிட்டார். மதுரையிலிருந்து ஒரு காவல் மென்பொருளை வாங்கிவந்து வீட்டுக் கணினியில் ஏற்றினேன். காரணம், ஒன்பதாவது படித்த என் மகள் கயல். கணினி மாலை ஆறிலிருந்து எட்டு வரைதான் திறக்கும். நான் அனுமதித்த தளங்கள்தான் தெரியும்: ஒரு கலைக்களஞ்சியம், ஒரு விண்வெளித் தளம், கயல் பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருந்ததால் ஒரு மொழிபெயர்ப்புத் தளம். சட்டம் எல்லாருக்கும் பொது என்பதால் எனக்கும் அதே நேரம், அதே தளங்கள். (இதை அறிவித்தபோது என் மீது எனக்கே மரியாதை பொங்கியது.)

என் மனைவி புஷ்பம் ஒரே ஒரு விதிவிலக்குக் கேட்டாள். அவள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தபோது, கல்யாணமாகியிருந்த அக்கா மட்டும் அட்டன் பக்கம் தங்கிவிட்டாள்.

“அக்கா மகன் இன்டர்நெட்டுல ஒரு பக்கம் வச்சிருக்கானாம். அக்கா கதைக்கிறத அப்படியே எழுதிப் போடுறானாம், போட்டோவும் இருக்காம். பகல்ல ஒரு அரை மணி தொறந்து விடுங்களேன்.”

“ஒண்ணுக்கு ஓட்டை போட்டா ஒம்பதுக்குப் போடணும் புஷ்பம். யோசிச்சுச் சொல்றேன்.”

யோசித்தேன். மாதக்கணக்கில் யோசித்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. சட்டம் வென்றது என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையே கணினியின் கடிகாரம் கெட ஆரம்பித்தது. சில நாள் மாலை ஆறு மணிக்கு நான் ஆசையாகப் போய் உட்கார்ந்தால், அது நள்ளிரவு தாண்டிவிட்டது என்று சொல்லித் திறக்க மறுக்கும்.

“பனி ஏறியிருக்கும்ங்க” என்றாள் புஷ்பம்.

அதில் நியாயம் இருந்தது. கொடைக்கானலில் பனி ஏறாத பொருள் ஏது? உப்பு தண்ணீராகும், அப்பளம் துணியாகும். பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுகிற ஊர் இது. ஆகவே கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வெளிச்சம் படும்படி ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்துப் போனவர்கள் உண்டு. கடிகாரம் சில நாள் தேறும், மறுபடி படுத்துக்கொள்ளும். பெரிய பல்பாக மாற்றினேன். அதற்கும் மசியாதபோது சந்தேகம் கயல் மேல் திரும்பியது. மென்பொருளின் பூட்டைத் திறக்கும் கடவுச்சொல்லை வாராவாரம் மாற்றினேன். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைப்பது கோழைத்தனம்.

பிளஸ் டூ முடிவு வந்தது அந்த மே மாதத்தில்தான். பக்கத்து வீட்டு சம்சுதீன் பாய்க்கு மலைப்பூண்டு வியாபாரம். அவர் மகள் நஸ்ரின், காய்ச்சலோடு போய் இயற்பியல் எழுதிவிட்டு வந்தவள். அதில் போய்விடும் என்று பயந்து, முடிவு தெரியாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று முந்தின நாள் மதியத்திலிருந்து பட்டினி. கடைவீதி இன்டர்நெட் கடைக்குப் போகலாமென்றால் சீசன் வண்டிகள் ஏரி வரைக்கும் நகராமல் நின்றன. “எங்கேயும் போக வேணாம் பாய். என் கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு?” என்று நான்தான் தெரு கேட்கச் சொல்லியிருந்தேன்.

காலை பத்து மணிக்கு வந்தார்கள். பாய், கையில் இடியாப்பத் தூக்கோடு அவர் மனைவி, நஸ்ரின், அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு. கணினியைப் போட்டேன். ‘அனுமதிக்கப்பட்ட நேரம் மாலை ஆறு’ என்றது. நான் புன்னகைத்தேன். கடவுச்சொல்லைத் தட்டினேன். தவறு என்றது. போன வாரத்துச் சொல்லைத் தட்டினேன். அதற்கு முந்தின வாரத்துச் சொல்லையும் தட்டினேன். இனி நாளைக்குத்தான் கடவுச்சொல் கேட்பேன் என்று சொல்லிப் பெட்டி மூடிக்கொண்டது.

“என்ன சார், வீட்டுக்காரரையே வெளிய நிப்பாட்டுது?” என்றார் பாய்.

“பாதுகாப்பு, பாய். அவ்வளவு ஸ்ட்ராங்கா போட்டிருக்கேன்.”

“யாருகிட்டேருந்து சார்?”

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய நேரம் அதுவல்ல.

“பல்பு எதுக்கு எரியுது?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“பனிக்கு” என்றேன். யாரோ இருமினார்கள். அது இருமல்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

கயலை முறைத்தேன். “நீதானே எதையோ நோண்டி வச்சிருக்க?”

“நோண்டத் தெரிஞ்சா இந்நேரம் தொறந்து குடுத்திருக்க மாட்டேனாப்பா? என்னையத்தான் கிட்டவே விட மாட்டீங்களே.”

“பரவால்ல மாமா. சாயங்காலம் ஆறு மணிக்கே பாத்துக்கலாம்” என்றாள் நஸ்ரின். உதடு வெளுத்திருந்தது. சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மாவுக் கையோடு சமையலறை வாசலில் நின்ற புஷ்பம் நஸ்ரினைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“தள்ளுங்க.”

“ஒனக்கு என்ன தெரியும்?”

“தள்ளுங்கங்கறேன்ல.”

கணினியை அணைத்தாள், மறுபடி போட்டாள், ஏதோ ஒரு பொத்தானை டொக்கு டொக்கென்று தட்டினாள். நான் பார்த்தே இராத நீலத் திரை ஒன்று எழுந்தது. அதில் கடிகாரத்தை மாலை ஆறுக்கு நகர்த்திவிட்டு வெளியே வந்தாள். பகல் பத்தரை மணிக்கு, என் சட்டத்துக்கு முழுதும் உட்பட்டு, கணினி திறந்துகொண்டது.

“கடிகாரம்...” என்றேன்.

“பனி ஏறுச்சு” என்றாள் திரும்பாமலே.

கோட்டையின் முதல் கதவு போனாலும் இரண்டாவது இருந்தது. “ரிசல்ட் தளம் வராது. அதுக்கு நான் அனுமதி குடுக்கல” என்றேன். (பெருமையோடுதான் சொன்னேன். மறுக்கவில்லை.)

அவள் மொழிபெயர்ப்புத் தளத்தைத் திறந்தாள். முடிவு வரும் பக்கத்தின் முகவரியை அதற்குள் தட்டி, பிரெஞ்சில் பெயர்க்கச் சொன்னாள். நான் தடுத்த பக்கம், நான் அனுமதித்த பக்கத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக வந்து இறங்கியது.

“அம்மா, இதெல்லாம் எப்பம்மா?” என்றாள் கயல்.

“ஒங்க பெரியம்மா மகன் போன்ல சொல்லிக் குடுத்தான்.”

நஸ்ரின் எண்ணைச் சொன்னாள். பாடங்களின் பெயரெல்லாம் பிரெஞ்சில் வந்தன. கடைசியில் ஒற்றை வார்த்தை நின்றது.

“இது பாஸா பெயிலா சார்?” என்றார் பாய்.

படித்தவன் என்ற முறையில் நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் நஸ்ரின் விரலை வைத்துவிட்டாள். “பிசிக்ஸ் நூத்தி நாப்பத்தெட்டு, மாமா.” எண்ணுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் அம்மா அழுதுகொண்டே இடியாப்பத்தைப் பிய்த்து ஊட்டினாள். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்களாலதான் சார்” என்றார். நான் மறுப்புச் சொல்லவில்லை.

எல்லாரும் போனபின் கேட்டேன். “எவ்வளவு நாளா நடக்குது?”

“நீங்க யோசிக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து.”

“இது சட்ட மீறல், புஷ்பம்.”

“ஆமா. நாளைக்கும் மீறுவேன். இன்னும் கேளுங்க, இத்தன நாளும் நீங்க வர்றதுக்குள்ள வெரசா கெடிகாரத்தத் திருப்பி வச்சேன், சில நாள் மறந்துருவேன். இனிமே அந்தச் சோலி என்னால ஆகாது. ஒங்களுக்கு எதாச்சும் பாக்கணும்னா நீங்களே திருப்பிக்கங்க.” பிறகு அக்கா மகனின் பக்கத்தைத் திறந்தாள். கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். “பாருங்க. எங்க அக்காவுக்கு நரைச்சே போச்சு.”

பார்த்தேன். பார்த்துவிட்டு, பல்பை அவிழ்த்துப் பீரோவுக்குள் மாட்டினேன்.

ஆனால் ஒன்று. அந்த மென்பொருளை நான் நீக்கவில்லை. பழைய இரும்புக்குப் போகிற வரைக்கும் அந்தக் கணினி மாலை ஆறிலிருந்து எட்டு வரைதான் வேலை செய்தது. அதற்குள் மட்டும் பொழுது எந்நேரமும் சாயங்காலமாகவே இருந்தது.

இப்போதும் நான் வீட்டில் ஏதாவது சட்டம் போட்டால், கல்யாணமாகிப் போன கயல் சமையலறைப் பக்கம் திரும்பி, “அம்மா, மணி என்ன?” என்பாள். “ஆறு” என்று பதில் வரும். என் சட்டம் அத்தோடு முடிந்தது.

போன பெருநாளைக்கு நஸ்ரின் பேரீச்சம்பழ அல்வா கொண்டுவந்தாள். எனக்கு மருத்துவர் இனிப்பை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே, “மணி ஆறுதானே?” என்று கேட்டேன்.

புஷ்பம் சுவர்க்கடிகாரத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“பதினொண்ணே காலுங்க.”