கியர் எண்ணெய் வாசத்தில் ஒரு கல்யாணப் பாயசம்

கனவு காண்பது தப்பில்லை. கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு காணக்கூடாது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள நான் மூன்று மூட்டை முதல்தர ஏலக்காயைக் கெடுக்க வேண்டியிருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் போடிநாயக்கனூரில் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். மெக்கானிக்காக இல்லை, எழுத்தராக. எந்த பஸ்சுக்கு என்ன கோளாறு, யார் சரிசெய்தார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். கிளட்சு, கியர் பாக்ஸ், பல்சக்கரம் என்று கோளாறுகளின் பெயரெல்லாம் எனக்கு அத்துப்படி. கோளாறுகளோடு நேரில் பழக்கம் கிடையாது.

இந்த வித்தியாசம் என் தாய்மாமாவுக்குத் தெரியாது. (நானாகப் போய் சொல்வேனா?) போடிமெட்டுக்கு மேலே அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. காய் உலர்த்த ஒரு ஸ்டோர், பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்று, ராசாத்தி என்று ஒரே மகள். ராசாத்தி எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேச்சு. ஆனால் அந்த வருஷம் பார்த்து, சிலமலையிலிருந்து ஒரு வாத்தியார் வரன் வந்து தொலைத்தது. பள்ளிக்கூடமும் போவாராம், வயலிலும் இறங்குவாராம். இப்படிப்பட்ட மனிதர்களை எனக்கு அப்போதிலிருந்தே பிடிக்காது.

மாமா ஆளனுப்பி என்னை மலைக்கு வரவழைத்தார்.

"மாப்ளே, வளைவுல கியரு மாத்துனா ஜீப்பு நாய் மாதிரி உறுமுது. லோடு ஏத்திட்டு இப்படி எறங்க முடியாது. நீதான் ஒர்க்‌ஷாப்புக்காரனாச்சே, எண்ணெய மாத்தி விட்டுரு. காயி நல்லபடியா வித்து வரட்டும், கல்யாணத்தப் பேசிப்புடுவோம்."

"கியர் பாக்ஸா? அது நமக்கு வெளையாட்டு மாமா" என்றேன். வாய் எனக்கு எப்போதும் டாப் கியரில்தான் ஓடும்.

ஆரம்பம் அமோகம். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டுச் சூடு ஆறுவதற்குள் பழைய எண்ணெயை வடிக்க வேண்டும் என்பது எழுதி எழுதியே மனப்பாடம். ஜீப்புக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸின் அடித்திருகைக் கழற்றினேன். கன்னங்கரேல் என்று வடிந்தது, பாதி வாளியிலும் பாதி என் சட்டையிலும். திருகைத் துடைத்து, திரும்ப இறுக்கினேன். பக்கவாட்டுத் துளை வழியாகப் புது எண்ணெயை ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

அது இறங்கவில்லை. மலைக் குளிரில் வெல்லப்பாகாக உறைந்து, டப்பாவைக் கவிழ்த்தாலும் வருவேனா என்றது. லேசாகச் சூடு காட்டினால் இளகும் என்று ஒர்க்‌ஷாப்பில் பேசிக்கொள்வார்கள். சூட்டுக்கு எங்கே போவது? ஸ்டோர்!

ஸ்டோருக்கு வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு பெரிய தகரக் குழாய்களில் புகுந்து அறைக்குள் ஓடும். மேலே தட்டுத் தட்டாக ஏலக்காய் உலரும். உலரும் ஏலக்காய் அண்டையில் உள்ள எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், உள்ளே பீடி பிடித்தவனை அடிக்காத குறையாக விரட்டுவார்கள். தோட்டத்தில் தவழும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. கியர் எண்ணெய்க்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. டப்பாவைக் குழாய்மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எதிரே ராசாத்தி முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திறந்த கதவு வழியாக மஞ்சுமூட்டம் உள்ளே வந்து வந்து போனது. வெளியே மலையும் இல்லை, மரமும் இல்லை, ஒரே வெண்மை. இளஞ்சூடு, ஏலக்காய் மணம், வளையல் சத்தம். நானும் அவளும் ஜீப்பில் போகிறோம். சக்கரம் தரையில் படவில்லை. கியர் மாற்றவே தேவையில்லாத ஒரு பாதை, மேகத்துக்கு நடுவில் போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வளவு சுகமாக நான் அதற்கு முன் எங்கும் உட்கார்ந்ததில்லை.

"மச்சான், எண்ணெய் காயுது" என்றாள் கனவு ராசாத்தி. என்ன இனிமையான குரல்! சிரித்தேன்.

"மச்சான், எண்ணெய் காயுது."

"காயட்டும்" என்றேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கண் எரிந்து விழித்தபோது அறை முழுக்க நீலப்புகை. டப்பாவைச் சாக்கால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். எண்ணெய் தண்ணீராக இறங்கியது. மாமாவின் மூக்கு முப்பது வருஷம் மூக்குப்பொடி போட்டு மரத்துப்போனது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் ராசாத்திக்குமோ அங்கேயே உட்கார்ந்து அந்த வாசம் பழகிவிட்டது.

மறுநாள் காலை லோடோடு இறங்கினோம். ஜீப் பூனைபோல அத்தனை வளைவும் இறங்கியது. மாமா என் முதுகில் தட்டி, "கைகாரன்டா நீ" என்றார். வாழ்நாளில் அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

போடியில் மாமா வழக்கமாகக் காய் போடும் ராவுத்தர் கடை. ராவுத்தர் ஒரு காயை உரித்தார், முகர்ந்தார். இன்னொன்றை உரித்தார். எழுந்து போய் ஜீப்பை முகர்ந்தார். திரும்பி வந்து சாவதானமாகச் சொன்னார்:

"அண்ணே, காயி பச்ச நெறம், பருமன் ஒண்ணும் கொறையில்ல. ஆனா இதப் போட்டு டீ குடிச்சா, குடிச்சவன் ஸ்டார்ட் ஆயிருவானே!"

மூட்டைகளோடு மலையேறினோம். வழியில் டப்பா சங்கதியை நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வீட்டு வாசலில்தான் மாமா வெடித்தார். "சிலமலைக்கு நாளைக்கே ஆள் அனுப்புறேன்!"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்றிருந்தது. ராசாத்தி முன்னால் வந்தாள்.

"நான் ரெண்டு தடவ சொன்னேன்ப்பா, எண்ணெய் காயுதுன்னு. மச்சான் என்னயப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு."

(காப்பாற்ற வந்தாளா, கழுத்தை அறுக்க வந்தாளா?)

"அவன் கெடக்கான் கூறுகெட்டவன். நீ அங்கனதான இருந்த? எந்திரிச்சு டப்பாவ எறக்குனா என்னாத்தா?"

ராசாத்தியின் தலை குனிந்தது, கால் கட்டைவிரல் தரையில் கோடு போட்டது. மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சி, நிதானமாகத் தும்மினார்.

"ரெண்டுக்கும் ஒரே கோளாறுதான். இதக் கொண்டுபோய் அந்த வாத்தியார் தலையில கட்டுனா, பாவம் அவன் என்ன செய்வான்?"

தை மாதம் கல்யாணம். 'கெடுத்தவனே திங்கட்டும்' என்று பாயசத்துக்கு அந்த ஏலக்காயையே போடச் சொன்னார் மாமா. கம்பத்திலிருந்து வந்த பெரியப்பா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "ருசி நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ்சுல வந்தது இன்னும் எறங்கல போல, வயிறு உறுமுது" என்றார்.

இன்றைக்கும் நான் சன்னலைப் பார்த்தபடி கொஞ்சம் அசந்தால் போதும், "எண்ணெய் காயுது!" என்று வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்கும். பேரப்பிள்ளைகள்வரை பழகிவிட்டார்கள். நானும் விடுவதில்லை. "சரி, நீ ஏன் அன்னைக்கி எறக்கி வைக்கல?" என்று ராசாத்தியைக் கேட்பேன்.

"காப்பி ஆறுது, வெரசாக் குடிங்க" என்பாள். கால் கட்டைவிரல் மட்டும் இன்னமும் தரையில் கோடு போடும்.